இடம் எத்தனை என்று எண்ணிவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள்

கேள்வி இதுதான். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறீர்கள். எஃப்-1 எனப்படும் மாணவர் விசா. முதல் செமஸ்டரில் ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 3.8. இரண்டாம் ஆண்டுக்கே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட வேண்டும் என்கிறீர்கள். மனத்தில் இருப்பவை பிரின்ஸ்டன், கார்னெல், பெர்க்கிலி, ஜார்ஜியா டெக். நிதி உதவியும் கொஞ்சம் தேவை. "எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சதவீதம் சொல்ல மாட்டேன். சொல்பவர்களையும் நம்பாதீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பங்களோடு வரும் பாடங்களை மதிப்பிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்த மேசையிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது மாணவரின் ஜிபிஏ அல்ல. அந்த ஆண்டு, அந்தத் துறையில், அந்த நிலையில் காலியாக இருக்கும் இடங்களின் எண்ணிக்கை. பள்ளி முடித்து முதலாண்டில் சேர்பவர்களுக்கு இத்தனை இடம் என்று பல்கலைக்கழகம் முன்கூட்டியே ஒரு வகுப்பை உருவாக்குகிறது. டிரான்ஸ்ஃபர் மாணவருக்கோ, பல தனியார் பல்கலைக்கழகங்களில், யாராவது விட்டுப்போன இடம்தான். விடுதியில் எத்தனை கட்டில் காலி, மூன்றாம் ஆண்டு ஆய்வகத்தில் எத்தனை பேருக்கு இடம் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை முடிவு செய்கின்றன. பட்டப்படிப்பை இடையில் விட்டுப் போகிறவர்கள் மிகக் குறைவாக உள்ள இடத்தில், உள்ளே நுழைய வழியும் குறைவு. புகழ்பெற்ற இடங்களில் டிரான்ஸ்ஃபர் ஏன் அவ்வளவு கடினம் என்பதற்குப் பெரிய மர்மம் ஏதும் இல்லை. அங்கே சேர்ந்தவர் எழுந்து போவதில்லை, அவ்வளவுதான்.

பிரின்ஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990க்குப் பிறகு நீண்டகாலம் அவர்கள் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை எடுக்கவே இல்லை. 2018இல் மறுபடி கதவைத் திறந்தபோது 1,429 பேர் விண்ணப்பித்தார்கள். 13 பேருக்கு இடம் தந்தார்கள். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அது மட்டுமல்ல, அந்தத் திட்டத்தை மீண்டும் தொடங்கியதற்கு அவர்கள் சொன்ன நோக்கமே முன்னாள் படைவீரர்கள், குறைந்த வருமானக் குடும்பத்தினர், கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகளில் படித்தவர்கள் ஆகியோருக்கு வழிவிடுவது. நீங்கள் ஏற்கெனவே ஒரு நல்ல நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறீர்கள். உங்கள் ஜிபிஏ 4.0 ஆக இருந்தாலும் அந்த 13 இடங்கள் யாரை நினைத்து ஒதுக்கப்பட்டனவோ அவர்களில் நீங்கள் இல்லை. ஹார்வர்டும் 2008 முதல் இரண்டு ஆண்டுகள் டிரான்ஸ்ஃபரை நிறுத்தி வைத்திருந்தது. காரணம், விடுதியில் இடம் இல்லை. மாணவரின் தகுதிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இதைச் சொல்வது மனத்தைத் தளர்த்துவதற்காக அல்ல. நான்கு பல்கலைக்கழகங்களையும் ஒரே பட்டியலில் வைத்து ஒரே அளவுகோலால் அளக்கிறீர்கள், அது தவறு. நான்கும் நான்கு வேறு கணக்கு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஒன்றான பெர்க்கிலியின் கணக்கு அரசியல் சாசனம் மாதிரி எழுதி வைத்தது. கலிபோர்னியாவின் 1960ஆம் ஆண்டு உயர்கல்வித் திட்டத்திலேயே கம்யூனிட்டி காலேஜில் ஈராண்டு படித்தவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்ற வழி போடப்பட்டுவிட்டது. இன்றும் அந்த வளாகங்களில் சேரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதே மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள். முன்னுரிமை வரிசை உண்டு: அவர்கள் முதலில், வெளி மாநில நான்காண்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்கள் கடைசியில். தவிர, 60 செமஸ்டர் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் அலகுப் புள்ளி) முடித்து மூன்றாம் ஆண்டில் சேர்பவர்களைத்தான் அவர்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கிறார்கள். நீங்கள் முப்பது கிரெடிட்டோடு இரண்டாம் ஆண்டுக்குப் போக நினைக்கிறீர்கள். ஆக, பெர்க்கிலியில் டிரான்ஸ்ஃபருக்கு நால்வரில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது என்று எங்காவது படித்து மகிழ்ந்திருந்தால், அந்த நால்வரில் நீங்கள் கணக்கிலேயே இல்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். நம் வீடுகளில் கம்யூனிட்டி காலேஜ் என்றால் ஒரு இளக்காரம். "அங்கேயா சேர்ந்தாய்?" என்று உறவினர்கள் கேட்பார்கள். ஆனால் கலிபோர்னியாவில் ஒரு வெளிநாட்டு மாணவர் நேராகக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால், டிரான்ஸ்ஃபர் வரிசையில் அவரும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்தான். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களையும் குறித்த ஜிபிஏவையும் எட்டியவர்களுக்கு எழுத்துப்பூர்வமான சேர்க்கை உத்தரவாதமே தருகின்றன. பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அந்த உத்தரவாதத்தில் இல்லை. சில மேஜர்களும், அதாவது முதன்மைப் பாடத்துறைகளும், அதற்குள் வருவதில்லை. இருந்தாலும் கட்டணத்தையும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய பெயருக்காக முதலாண்டிலேயே பெரும் தொகை செலவழித்தவர்களைவிட அந்த இளக்காரத்துக்கு ஆளானவர்கள் புத்திசாலிகளாகத் தெரிவார்கள். உங்களுக்கு இது தாமதமான யோசனை. உங்கள் தம்பி தங்கை யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள்.

கார்னெல் வேறு ரகம். அந்த அளவு பெயருள்ள பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் சில நூறு டிரான்ஸ்ஃபர் மாணவர்களைச் சேர்ப்பது அபூர்வம், கார்னெல் சேர்க்கிறது. ஆனால் அங்கேயும் இரண்டு விஷயங்களைக் கழிக்க வேண்டும். முதலாவது, முந்தைய ஆண்டு விண்ணப்பித்து இடம் கிடைக்காத சிலரிடம், "வேறெங்காவது ஓராண்டு படித்து இன்ன மதிப்பெண், இன்ன பாடங்களோடு வா, இடம் தருகிறோம்" என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களும் மொத்த எண்ணிக்கைக்குள்தான் வருகிறார்கள். இரண்டாவது, கார்னெல் என்பது ஒரே கல்லூரி அல்ல. விவசாய அறிவியலுக்கு ஒன்று, தொழிலாளர் உறவுகளுக்கு ஒன்று, பொறியியலுக்கு ஒன்று என்று ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே தேர்வு செய்கிறது. மொத்தச் சதவீதம் பார்க்க நன்றாக இருப்பதற்குக் காரணம் கணினி அறிவியல் அல்ல.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்றால், பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. எல்லாரும் அதில் சி பிரிவைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அது பள்ளியிலிருந்து வருபவர்களுக்கானது. உங்களுக்கு வேண்டியது டி பிரிவு. எத்தனை பேர் டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் தந்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறைந்தபட்சம் எந்த கிரேடு வாங்கிய பாடத்தை ஏற்பார்கள், அதிகபட்சம் எத்தனை கிரெடிட் கொண்டுவரலாம், பட்டம் வாங்க அங்கேயே எத்தனை கிரெடிட் படித்தாக வேண்டும் என எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரே ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். நான்கைந்து ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு ஆண்டு 40 பேர், அடுத்த ஆண்டு 110 பேர், அதற்கடுத்த ஆண்டு 25 பேர் என்று எண் குதித்துக்கொண்டிருந்தால், அங்கே கொள்கை என்று ஏதும் இல்லை, காலி இடத்தை நிரப்புகிறார்கள் என்று பொருள். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே எண்ணாக இருந்தால், டிரான்ஸ்ஃபருக்கென்று திட்டமிட்டு இடம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வகையில்தான் உங்கள் உழைப்புக்கு மதிப்பு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், வளாகம் வாரியாக, மேஜர் வாரியாக டிரான்ஸ்ஃபர் சேர்க்கை விகிதத்தையும் ஜிபிஏ வரம்பையும் வெளியிடுகிறது. ஒரே வளாகத்தில் வரலாற்றுக்கும் கணினி அறிவியலுக்கும் இடையிலான தூரத்தை அதில் பார்த்தால், மொத்தச் சதவீதத்தை இனி யாரிடமும் கேட்க மாட்டீர்கள்.

ஜார்ஜியா டெக்கில்தான் உங்கள் கையில் இருக்கும் பகுதி அதிகம். ஒவ்வொரு மேஜருக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவர் முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். வேறு பல்கலைக்கழகங்களின் எந்தப் பாடம் தங்களின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று தேடிப் பார்க்க ஒரு தரவுத்தளமும் உண்டு. கால்குலஸ், ஆய்வகத்தோடு கூடிய அறிவியல் பாடம், ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் 3.8 காப்பாற்றாது. சில பிரிவினருக்கு முன்கூட்டியே நிபந்தனையோடு இடம் தரும் தனி வழிகளும் அங்கே உண்டு. ஆகவே அங்கேயும் கழித்தல் கணக்கைப் போட மறக்காதீர்கள். இந்த வாரமே அந்தப் பட்டியலை எடுத்து, இந்த செமஸ்டரில் நீங்கள் பதிவு செய்திருக்கும் பாடங்களோடு ஒப்பிடுங்கள். பாடம் சேர்க்கவும் நீக்கவும் அவகாசம் இருக்கும்போது செய்தால்தான் பயன்.

இனி உங்கள் கோப்பு. முதலாண்டு மாணவர் இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களில் பலவற்றின் கடைசித் தேதி மார்ச் மாதத்தில் வரும். அப்போது உங்களிடம் இருப்பது ஒரே ஒரு செமஸ்டர் மதிப்பெண். எனவே தேர்வுக்குழு மறுபடியும் உங்கள் பள்ளி மதிப்பெண்ணைத்தான் புரட்டும். போன ஆண்டு அதே கோப்போடு விண்ணப்பித்து இடம் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் புதிதாகச் சேர்த்திருப்பது நான்கைந்து பாடங்களின் மதிப்பெண் மட்டுமே. பள்ளி மதிப்பெண் சுமாராக இருந்து கல்லூரியில் நன்றாகப் படிக்கிறவர்கள் ஓராண்டு பொறுத்து, மூன்று செமஸ்டர் மதிப்பெண்ணோடு மூன்றாம் ஆண்டுக்கு விண்ணப்பிப்பது நல்லது. பள்ளி மதிப்பெண்ணும் வலுவாக இருந்தால் இப்போதே முயலலாம். நீங்கள் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. உண்மையில் முதலில் எழுத வேண்டியது அதுதான்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வரி. முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் பின்வரிசையில் இருந்து 'ஏ' வாங்கினால், பேராசிரியரால் "இவர் ஏ வாங்கினார்" என்றுதான் எழுத முடியும். அது டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்தில் போய்ப் பேசுங்கள். எந்தச் சந்தேகமும் இல்லாவிட்டாலும் போங்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரையில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்றுதான்: இப்போது படிக்கும் இடத்தைத் திட்டுவது. வகுப்பு பெரிது, ஊர் சிறிது, சக மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை என்றெல்லாம் எழுதுவார்கள். படிப்பவருக்கு எழும் கேள்வி, "நாளை எங்களைப் பற்றியும் இப்படித்தானே எழுதுவார்?" என்பது. தரவரிசையைக் காரணமாகச் சொல்வது அதைவிட மோசம். நல்ல கட்டுரையில் மூன்று செய்திகள் இருக்கும். எதைப் படிக்க விரும்புகிறீர்கள், அதற்காக இருக்கும் இடத்திலேயே எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள், எந்த இடத்தில் அந்த வழி முடிந்துபோனது. "நிரல்மொழிகளின் கோட்பாட்டில் ஆர்வம், இங்கே அதற்கு ஒரே ஒரு பாடம், பேராசிரியரிடம் தனியாகப் படித்தேன், மேற்கொண்டு படிக்க ஆள் இல்லை" என்று எழுதியவரை நான் நம்புவேன். முயன்று பார்த்தது கட்டுரையில் இல்லையென்றால், கேட்பது வசதி மட்டும்தான் என்று தெரிந்துவிடும்.

எதையும் மறைக்காதீர்கள். கோடையில் ஒரு கல்லூரியில் ஒரு பாடம் படித்து 'டி' வாங்கியிருந்தாலும் அந்த டிரான்ஸ்கிரிப்டையும் அனுப்பியாக வேண்டும். யார் எங்கே பதிவு செய்திருந்தார் என்று சரிபார்க்க அமெரிக்காவில் தேசிய அளவிலான பதிவுத்தளம் இருக்கிறது. பிறகு தெரிந்தால், கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது நான் வேலை பார்த்த மேசைக்கு வருகிறேன். இடம் கிடைத்த செய்தி வந்ததும் வீட்டில் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். எத்தனை கிரெடிட் ஏற்றார்கள் என்ற கடிதம் சில வாரங்கள் கழித்து வருகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ் இயங்கும் அரசுக் கணக்காய்வு அலுவலகம் 2017இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் தாங்கள் சேர்த்த கிரெடிட்டுகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்தார்கள் என்று அது மதிப்பிட்டது. ஒரு அரசுக் கல்லூரியிலிருந்து இன்னொரு அரசுக் கல்லூரிக்குப் போனவர்கள்கூட 37 சதவீதத்தை இழந்தார்கள்.

ஏற்றுக்கொண்டோம் என்று வரும் கடிதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கொண்டுவந்த 30இல் 28ஐ ஏற்றார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 28இல் 14, 'விருப்பப் பாடம்' என்ற தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்திருக்கும். உங்கள் மேஜரில் விருப்பப் பாடத்துக்கு ஆறு கிரெடிட்தான் இடம் என்றால், மீதி எட்டும் டிரான்ஸ்கிரிப்டில் அலங்காரமாக இருக்குமே தவிர பட்டத்துக்கு உதவாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்?" என்பதல்ல, "என் மேஜரின் எந்தெந்தக் கட்டாயப் பாடத்தை இவை நிறைவு செய்கின்றன?" என்பது.

கணினி அறிவியலில் இது இன்னும் கொடுமை, ஏனென்றால் பாடங்கள் சங்கிலி போலக் கோக்கப்பட்டிருக்கின்றன. தரவுக் கட்டமைப்புப் பாடத்தை அவர்கள் ஏற்கவில்லை என்றால், அதை முடிக்காமல் அல்காரிதம் பாடம் எடுக்க முடியாது. அது இல்லாமல் அடுத்த நான்கு பாடங்கள் எடுக்க முடியாது. மூன்றே கிரெடிட் போனதற்கு ஓராண்டு போகும். அதிலும் ஒரு பாடத்தை நீங்கள் படித்த நிரல்மொழி வேறு, அவர்கள் கற்பிக்கும் நிரல்மொழி வேறு என்பதற்காக மறுத்த கோப்புகள் என் மேசையில் நிறைய வந்துபோயின. செமஸ்டர் முறையிலிருந்து, ஆண்டை இன்னும் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறைக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி: ஒன்றரைக் குவார்ட்டர் கிரெடிட் சேர்ந்தால்தான் ஒரு செமஸ்டர் கிரெடிட். கால்குலஸ் வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு மாறினால், படித்த பகுதியையே மறுபடி படிக்க நேரும். மாறுவதாக இருந்தால் தொடங்கிய வரிசையை முடித்துவிட்டு மாறுங்கள்.

ஜிபிஏ உங்களோடு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் கிரெடிட்தான் வரும். ஜிபிஏ சுழியிலிருந்து தொடங்கும். 3.8 உங்களை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

பணம் பற்றிச் சொல்வதானால், வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு நிதி உதவி மிகக் குறைவு. உதவி தேவை என்று குறித்தால், பல இடங்களில் அது தேர்வையே பாதிக்கும். சில இடங்களில் வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு உதவியே கிடையாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் 'வெளிநாட்டினர்', 'டிரான்ஸ்ஃபர்' என்ற இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வரும் இடத்தைத் தேடிப் படியுங்கள். முதலாண்டு வெளிநாட்டு மாணவருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். இப்போது இருக்கும் இடத்தில் உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால் அதை விட்டுப் போகிறீர்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

விசா விஷயத்தில் டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. புதிய இடத்தில் சேர்க்கை கிடைப்பது ஒன்று. வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுத் தரவுத்தளமான 'செவிஸ்'இல் உள்ள உங்கள் பதிவைப் பழைய பல்கலைக்கழகம் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரு விடுவிப்புத் தேதி குறிப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பழைய அலுவலகத்தால் உங்கள் பதிவைத் தொட முடியாது; பழைய வளாகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் தொடரக் கூடாது. சேர்க்கை உறுதியாகி, முன்பணம் கட்டி, புதிய இடத்துக்கான நிதிச் சான்றுகளும் தயாரான பிறகே தேதியைக் குறியுங்கள். பழைய இடத்தில் படிப்பை நிறுத்தியதற்கும் புதிய இடத்தில் வகுப்பு தொடங்குவதற்கும் இடையே ஐந்து மாதத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. வசந்த செமஸ்டர் முடித்து இலையுதிர் செமஸ்டரில் சேர்பவருக்கு இது பொதுவாகச் சிக்கலாகாது. நடுவில் ஒரு செமஸ்டர் ஓய்வெடுக்கலாம் என்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஆக, உங்கள் பட்டியலை நான் திருத்தினால்: பிரின்ஸ்டனை எடுத்துவிடுவேன், விண்ணப்பக் கட்டணமும் கட்டுரை எழுதும் நேரமும் வேறு இடத்தில் பயன்படும். பெர்க்கிலி இந்த ஆண்டு இல்லை. 60 கிரெடிட் முடிந்த பிறகு வேண்டுமானால் பார்க்கலாம், அப்போதும் எதிர்பார்ப்பு இல்லாமல். கார்னெல் இருக்கட்டும், ஆனால் எந்தக் கல்லூரி, எந்த மேஜர் என்று முடிவு செய்து, அதன் கட்டாயப் பாடங்களைப் பார்த்துவிட்டு. ஜார்ஜியா டெக்தான் முதலிடம். அதோடு, டி பிரிவில் ஆண்டுதோறும் நிலையான எண்ணிக்கை காட்டும், பாடப் பட்டியலை வெளிப்படையாகப் போட்டிருக்கும் இரண்டு மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இங்கேயே தொடர்வதற்கான பாடப் பதிவையும் விடுதிப் பதிவையும் விட்டுவிடாதீர்கள்; முடிவு மே, ஜூன் வரைகூட இழுக்கும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இதுவரை படித்த, இப்போது படிக்கும் எல்லாப் பாடங்களின் சிலபஸையும், பாடநூல், வார வாரியான தலைப்புகள், செய்த பயிற்சிகள் உட்பட, தரவிறக்கி ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். செமஸ்டர் முடிந்ததும் பல துறைகள் அந்தப் பக்கத்தை மூடிவிடுகின்றன. மறுக்கப்பட்ட பாடத்துக்கு மேல்முறையீடு செய்து வென்றவர்கள் எல்லாரிடமும் அந்தத் தாள் இருந்தது.